காஸ் துணி வந்த ஊர்

ராஜபாளையம் பக்கத்தில் மருத்துவத் துணி நெய்யும் கம்பெனி ஒன்றில் என் மனைவி செக்கிங் பார்க்கிறாள். காயத்துக்குக் கட்டும் காஸ் துணியை வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, எங்காவது இழை விட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் பால் வடிகட்டுவதும் இட்லித் தட்டில் விரிப்பதும் கழித்துப்போட்ட காஸ்தான். ஜன்னலில் கொசுவுக்குக் கட்டியிருப்பதும் அதுவே.

போன வருஷம் சேத்தூர் ரோட்டில் பைக்கோடு விழுந்தேன். முழங்காலில் தையல் போட்டு ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருந்தார்கள். கம்பெனியிலிருந்து அப்படியே ஓடிவந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டின் ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து நிமிண்டினாள்.

"எவன் நெய்ததோ, இழை நெருக்கமில்லாம இம்புட்டுக் கலக்கமா கெடக்கு" என்றாள். நர்ஸிடமும் அதையே சொன்னாள். மறுநாள் நெருக்கமாக நெய்த காஸை ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தாள். வலிக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை. எனக்குக் கோபமான கோபம். அவளாகக் கேட்காமல் நானும் சொல்வதில்லை என்று வீம்பாக இருந்தேன். தையல் பிரித்த பிறகும் வீம்பு இருந்தது.

மடவார் வளாகம் என்கிற பகுதியில் எங்கள் வீடு. கல்லூரியில் இங்கிலீஷ் படிக்கும் மகள் ஒருநாள் சாயங்காலம் டீவி முன்னால் உட்கார்ந்து, காஸ் என்ற சொல்லின் கதையைச் சொன்னாள். பிரெஞ்சிலிருந்து இங்கிலீஷுக்கு வந்ததாம். காசாவில் நெய்த மெல்லிய துணி என்பதால் அந்தப் பெயர் என்கிறார்களாம். அதெல்லாம் இல்லை, பட்டு என்று பொருள்படும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்று மறுப்பவர்களும் உண்டாம். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

"நியூஸ்ல வருதே, அந்தக் காசாவா?" என்று கேட்டாள் மனைவி.

"அதேதாம்மா."

"அப்ப அவியளும் நம்மள மாதிரி தறிக்காரவியளா?"

செய்தியில் அந்த ஊரைக் காட்டினார்கள். தலையைச் சுற்றிக் கட்டுப் போட்ட ஒரு சின்னப் பெண். மனைவி எழுந்து டீவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இழையைப் பற்றி ஏதாவது சொல்லுவாள் என்று நான் காத்திருந்தேன்.

"பிள்ளைக்கு எம்புட்டு வலிச்சிருக்கும்" என்றாள்.

பிறகு திரும்பி என் முழங்காலைப் பார்த்தாள்.

"உங்களுக்கும் வலிச்சிருக்குமே?"

வலி போய் மாசக்கணக்காகிவிட்டது.

"ரொம்ப" என்றேன்.