அம்மா காசியில் விட்டது

நேற்று காலை அண்ணன் வந்து முள்தோல் டுரியான் பழம் ஒன்றைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தார். கத்தி எடுக்க நான் எழுந்ததும் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். ஒவ்வொரு பழக் காலத்திலும் இதே கதைதான். எழுபது தாண்டிய மனிதர், அதைப் பிளக்கும் இடத்தில் நிற்கவே மாட்டார். எனக்கு உடனே அம்மா நினைவு வந்துவிடும்.

ஜப்பான்காரன் பினாங்குக்கு வருவதற்குப் பல வருஷம் முந்திய விஷயம். அண்ணன் ஒரு கத்தோலிக்கத் தமிழ்ப் பெண்ணை மாதா கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்துகொண்டார். அடுத்த மாதமே அப்பா மாரடைப்பில் போய்விட்டார். இரண்டையும் அம்மா ஒன்றாக முடிச்சுப் போட்டுவிட்டாள். கொள்ளி வைத்துவிட்டு வந்தவரை வீட்டுப் படி ஏற விடவில்லை. அஸ்தியைக்கூட அவரிடம் தராமல், காசிக்குப் புறப்பட்ட கூட்டத்தோடு தானே எடுத்துக்கொண்டு கல்கத்தா கப்பல் ஏறினாள்.

காசிக்குப் போகிறவர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த ஒன்றைக் கங்கைக் கரையில் விட்டுவிட்டு வர வேண்டும். விட்டதை ஆயுசுக்கும் தொடக் கூடாது. கப்பலடியில் நின்று அம்மா என்னிடம் சொன்னாள்: “மத்தவங்க காய விடுவாங்க, பழத்த விடுவாங்க. நான் பெத்தவனையே விட்டுட்டு வரப் போறேன்.” சொன்னதைச் செய்கிறவள். அப்பாவும் இல்லாத வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ஒரே அண்ணன்தான்.

அடைத்த கங்கைச் சொம்போடு இரண்டு மாதம் கழித்துத் திரும்பினாள். எதை விட்டாள் என்று சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியமில்லை. அதனால் அவள் இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காய் வைத்தேன், சாப்பிட்டாள். பாகற்காயும் போனது, வாழைப்பழமும் போனது. ஒவ்வொன்றாக அவள் சாப்பிடச் சாப்பிட எனக்குப் பயம் ஏறியது. ஏதாவது ஒன்றை ஒதுக்கித் தொலையேன் அம்மா என்று மனசுக்குள் கெஞ்சினேன்.

எட்டாம் நாள் சொம்பைத் திறந்து பூஜை. அழைக்காமலே அண்ணன் வந்து வாசலில் நின்றார். பின்னால் அண்ணி. அம்மாவுக்கு உயிரான பழமாயிற்றே என்று கையில் ஒரு டுரியான். அம்மா இருவரையும் வெகுநேரம் பார்த்தாள்.

“உள்ள வா. அவளையும் கூட்டிட்டு வா.”

அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து பழத்தைப் பிளந்து முதல் சுளையை அவளிடம் நீட்டினார். அம்மா கையை இழுத்துக்கொண்டாள்.

“எனக்கு வேணாம்பா. இந்தப் பழத்தத்தான் காசியில விட்டேன். தண்ணியில நின்னு உன் பேரச் சொல்லப் பாத்தேன், வாய் வரல. டுரியான்னு சொன்னேன். அது என்னா பழம்னு அய்யரு முழிக்கிறாருலா.”

யாரோ சிரித்தார்கள். அண்ணன் சுளையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார்.

கங்கை எல்லாவற்றையும் கரைக்கும் என்பார்கள். அம்மாவின் கோபம் முழுக்கக் கரைந்தது என்று நான் சொல்ல மாட்டேன். அண்ணியிடம் முகம் பார்த்துப் பேச அவளுக்கு இரண்டு வருஷம் பிடித்தது. ஆனால் சாகும்வரை அந்தப் பழத்தைத் தொடவில்லை. பழக் காலத்தில் வாசனை தாங்காமல் சமையலறை ஜன்னலைச் சாத்திக்கொள்வாள்.

நேற்றும் நான் மட்டுமே தின்றேன். நல்ல பழம். அன்று கையில் வைத்திருந்த சுளையை அண்ணன் பிளந்த பழத்திலேயே திருப்பி வைத்தார். அதற்குப் பிறகு ஒரு சுளைகூட அவர் வாயில் பட்டதில்லை. இத்தனைக்கும் அவர் காசிக்குப் போனதே இல்லை.