மேல்கம்பியில் இரண்டு கைகள்

கீழ்வேளூர் பஸ்ஸில் இடம் காலியாக இருந்தாலும் அவர் நின்றுகொண்டேதான் வருவார். நரைத்த தலை, மடிப்புக் கலையாத சட்டை. இரண்டு கைகளும் மேல்கம்பியை இறுகப் பிடித்திருக்கும்.

"உட்காருங்களேன்," என்றேன் ஒருநாள்.

"வேணாங்க. இதே பஸ்ஸுல ஒரு பொண்ணு மேல கை வச்சு ஜெயிலுக்குப் போனவன் நான். துபாய்ல எட்டு வருஷம் தனியா கெடந்து புத்தி கெட்டுப்போச்சுன்னு கோர்ட்டுல சொன்னேன். பொய்ங்க. அந்த எட்டு வருஷமும் கைய அடக்கிக்கிட்டுத்தானே இருந்தேன்? அங்க மாட்டினா விடமாட்டாங்கன்னு பயம். இங்க யாரு கேக்கப்போறான்னு நெனச்சேன்."

அடுத்த ஸ்டாப்பில் கல்லூரிப் பெண்கள் ஏறியதும் அவர் இறங்கிவிட்டார். அவர் வழக்கமாக இறங்கும் இடம் அதுவல்ல.

அவர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் நம்பினேன். மறுநாளிலிருந்து என் மகளை அந்த பஸ்ஸில் அனுப்பவில்லை.