ஏழுமலையின் மீசை

போன ஞாயிற்றுக்கிழமை வீட்டு வாசலிலேயே காருக்கு எஞ்சின் ஆயில் மாற்றினேன். நான்கு செய்தித்தாள் விரித்தும் சிமெண்டுத் தரை கறுத்துப்போனது. சிரிக்காதீர்கள், என் மனைவி சிரித்ததே போதும். துடைக்கத் துடைக்கச் சூடான ஆயில் வாடை மூக்கில் ஏறியது. கூடவே ஏழுமலை அண்ணனும் நினைவில் வந்துவிட்டார்.

ஆரணியில் ஒரு பட்டுச்சேலை வியாபாரி வீட்டில் நான் சேலை மடித்துக்கொண்டிருந்த காலம். ஏழுமலை அங்கே டிரைவர். நாற்பது வயது, முறுக்கிய மீசை. ஆயில் மாற்றுவதை ஒரு பூஜை மாதிரிச் செய்வார். எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, கோணி விரித்து, ஆயில் பிடிக்கப் பேசினை வைத்து, எஞ்சின் அடியிலிருக்கும் நட்டை மேல்நோக்கி அழுத்தியபடியே கையால் திருகிச் சட்டென்று இழுப்பார். "ஒரு சொட்டு தரையில வுழுந்தா மீசைய எடுத்துடறேன்" என்பார் சேலை மடிக்கிற எங்களிடம்.

அந்தப் பெருமை எனக்கு ஏனோ பொறுக்கவில்லை. ஒருநாள் பேசினின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்து வைத்தேன். வேறு காரணம் கிடையாது, விளையாட்டுதான்.

ஆயிலின் சூட்டில் மெழுகு இளகியது. கோணியை நனைத்து முற்றத்தில் இறங்கிய ஆயில், சாயத்துக்குப் போகப் பாயில் பரப்பியிருந்த வெள்ளைப் பட்டு நூலில் ஏறியது.

முதலாளி கத்தவில்லை. "மீசைய எடுத்துடறேன்னு சொல்லிகினு இருந்தியாமே. எடுடா" என்றார். அதை அவரிடம் சொல்லிவைத்ததும் நாங்கள்தான். சவரக்காரர் வந்தார். வீட்டுப் பெண்கள் ஜன்னலில் நின்றார்கள். கண்ணாடியை நான் பிடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். அண்ணன் கண்ணாடியைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

பல வருடம் கழித்துக் கலசப்பாக்கத்தில் தேடிப் போனேன். மழித்த முகத்தோடு டிராக்டர் கழுவிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்த ஓட்டைய நான்தான் போட்டேன்."

"தெரியும். பேசினு அடியில மெழுகு ஒட்டிகினு இருந்துச்சி."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமேண்ணே."

"நீ சொல்லுவன்னு பாத்துகினு இருந்தேன்" என்று தண்ணீர்க் குழாயை டிராக்டர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அந்த முற்றத்தின் மேல் இப்போது கல்யாண மண்டபம் நிற்கிறது. முதலாளி இல்லை, அன்று ஜன்னலில் நின்றவர்கள் எந்த ஊரிலோ. ஏழுமலை அண்ணன் போன மழைக்காலத்தில் இறந்துபோனார். மாலையோடு போயிருந்தேன். அவர் மகள் வாசலிலேயே அதை வாங்கிக்கொண்டு, "நீங்க கெளம்புங்க" என்றாள்.