தங்கை காட்டிய முட்டைகள்

ஓசூரில் எங்கள் வீட்டை ஒட்டித் தொழிற்சாலை ஒன்று எழுந்தபின், தங்கை வளர்த்த நாட்டுக்கோழியின் கூடையில் முட்டை விழுவது நின்றுபோனது. கல்லூரிப் பேச்சுப்போட்டிகளில் தோல்வி அறியாத நான் வீட்டிலும் வழக்காடினேன். "அதுக்கு வயசாகிப்போச்சு. ஞாயித்துக்கிழமை கொழம்பு வெச்சிடலாம்."

"ஜெனரேட்டர் சத்தத்துக்குப் பயந்து வேற எங்கயோ இடுதுண்ணா. கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாம்" என்றாள் தங்கை.

"எங்க இடுது? ஒரு முட்டையக் காட்டு."

அவளால் காட்ட இயலவில்லை. "மேடையில பேசுறவன்கிட்ட நீ பேசி ஜெயிப்பியாடி?" என்று அம்மா சிரித்தார்.

ஞாயிறன்று கோழியை அறுத்தோம். வயிற்றைக் கீறிய அம்மாவின் கை சட்டென்று நின்றது. உள்ளே ஓடு முற்றிய முட்டை ஒன்று இளஞ்சூட்டோடு இருந்தது. அதன் பின்னால், பெரிதும் சிறிதுமாக மஞ்சள் கருக்கள் கொத்தாகத் தெரிந்தன. அம்மா அந்த முட்டையைக் கழுவி என் முன்னால் வைத்தார்.

தங்கை சாப்பிடவில்லை. மாலைவரை வேலியோரம் தேடியவள், என்னை அழைத்துச் சென்று உண்ணிப்புதரை விலக்கினாள். உள்ளே முட்டைகள் குவிந்து கிடந்தன.

"காட்டச் சொன்னியேண்ணா" என்றாள்.

எதிரணியிடம் சான்று கேட்டுக் கைதட்டல் பெறும்போதெல்லாம், அன்று அதைத் தேடத் தங்கைக்கு நான் அவகாசம் தராதது நினைவுக்கு வருகிறது.