லீவுக்கு நல்ல அயல்

வீட்டுத் தரகனிடம் வருகிறவர்கள் வீடு பார்க்கவேண்டும் என்றுதான் சொல்வார்கள். கண் முழுக்க அடுத்த வீட்டு வளவில்தான் இருக்கும். வாடகை வீடு தேடிச் செருப்புத் தேய்ந்தவர்களே, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும். என் கஷ்டத்தையும் கொஞ்சம் கேளுங்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், வவுனியா ஸ்டேசனுக்கு எதிரே ஒரு தேத்தண்ணிக் கடையின் வாங்குப் பலகைதான் எனக்குக் கந்தோர், ஆபீஸ் எல்லாம். பள்ளிக்கூட லீவு விட்டால் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கிற அரசாங்க உத்தியோகத்தர்கள் ரயில் பாஸை வீணாக்காமல் குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். சிலருக்கு மான் வேட்டை. சிலருக்குக் குடியேற்றத் திட்டத்தில் காணி எடுத்த தம்பியைப் பார்க்கிற சாட்டு. இரண்டு மூன்று கிழமைக்கு ஒரு வீடு வேண்டும். அதைப் பிடித்துக் கொடுப்பது என் வேலை.

டவுனில் எந்த வீடு வெறுமையாகக் கிடக்கிறது என்பது எனக்கு மனப்பாடம். எனக்கு மட்டும் ஒன்று அகப்படவில்லை. நானும் மனைவி தங்கமும் குளக்கட்டுக்கு அப்பால் ஒரு கொட்டிலில் இருந்தோம். மாரியில் குளம் நிரம்பிக் கட்டின் வான் வழியே வழிந்து பாய்ந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற பாதை தண்ணீருக்குள் போய்விடும். எங்கள் முதல் பிள்ளை அப்படித்தான், அக்கரை போக வழியில்லாமல் செத்தது. தங்கம் மறுபடியும் பிள்ளைத்தாய்ச்சி. மாரிக்கு முன் டவுனுக்குள் ஓர் அறையாவது வேண்டும். அந்த லீவு முழுக்க ஊராருக்கு வீடு காட்டிக்கொண்டே எனக்கும் ஒன்று தேடினேன்.

சந்தை வேணும், சத்தம் வேண்டாம்

கொழும்பில் கணக்காளராக இருந்த ஒருவர் மனைவி பிள்ளைகளோடு வந்தார். மனைவிக்குக் கலகலப்பான இடம் வேண்டும். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து வீட்டைக் காட்டினேன், அந்த அம்மா புகை என்றா. கோயிலடி வீட்டில் ஒலிபெருக்கி. குளத்தடி வீடு அமைதி என்று போனால், யானை வருமா என்று கேட்டா. வரும், ஆனால் இந்த மாதத்தில் இல்லை என்றேன். அதற்கு மேல் குளத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை.

கடைசியில் கனகம்மா ரீச்சரின் வீட்டைக் காட்டினேன். ரீச்சர் பென்சன் எடுத்து இளைப்பாறினவர், ஒரே வளவில் இரண்டு வீடு, ஒன்றில் தான் இருந்துகொண்டு மற்றதை லீவுக்கு விடுகிறவர். ஆஸ்பத்திரி, சந்தை, ஸ்டேசன் எல்லாம் கூப்பிடு தூரம். கணக்காளரின் மனைவிக்கு மனம் நிறைந்துவிட்டது. ஆனாலும் ஒரு குறை.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு, தரகர். அந்தச் சந்தைக்காரரைத்தான், நாங்கள் நிக்கிற மட்டும், கொஞ்சம் மெல்லமாக் கூவச் சொல்லேலாதோ?"

மரியாதைக்காரன்

வீடு காட்டுகிறபோது நான் பூட்டுத் திறப்பைக் கையில் கொடுத்துவிட்டு வேலிப் படலைக்கு வெளியே நிற்பேன். "நேர போங்கோ, முன் விறாந்தை. இடப்பக்கம் ரெண்டு அறை. பின்னுக்குக் குசினி" என்று அங்கிருந்தே குரல் கொடுப்பேன். படலை தாண்டக்கூடாது என்பது வீட்டுக்காரர்கள் வைத்த சட்டம். காரணம் சாதி, வேறென்ன இருக்கப்போகிறது? வெளியூர்க்காரர்களுக்கு அது தெரியாது. என் வெள்ளை வேட்டியைக் கண்டு "நீங்கள்" என்பார்கள். வீட்டுக்காரர்களுக்கு நான் "நீ", "செல்லன்".

யாழ்ப்பாணத்துத் தலைமையாசிரியர் ஒருவர் வீட்டை முழுக்கச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து என்னைத் தன் மனைவிக்குக் காட்டினார். எனக்குச் சிரிப்பதா, காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

"மற்றத் தரகர்மார் குசினிக்குள்ளையும் வந்து நிப்பாங்கள். இந்தாள் எவ்வளவு மரியாதை பார், படலையைத் தாண்டுறேல்லை!"

பாதுகாப்பு

பாதுகாப்பான இடமா என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. ஆரம்பத்தில் நானும் மடையன். கள்ளர் பயம் இல்லை, பாம்பு இல்லை, மலேரியாக் காய்ச்சல் முந்தியைப்போல இல்லை என்று அடுக்குவேன். ஓர் இளைப்பாறிய தபாலதிபர்தான் எனக்கு அர்த்தம் சொல்லித் தந்தார்.

அவருக்குக் காட்டினது பங்குக் கிணற்று வீடு. எங்கள் பக்கத்தில் இரண்டு வளவுக்கு ஒரு கிணறு இருந்தால் வேலி கிணற்றின் நடுவால் போகும். இரு பக்கமும் நின்று அள்ளலாம். மனுசன் அறைகளைப் பார்க்கவில்லை. நேரே போய் வேலிக்கு மேலால் எட்டி, அந்தப் பக்கம் வாளி யாருடையது என்று கேட்டார். வளவுக்காரர் ஊர்த் தலைமைக்காரரான ஒரு விதானையாரின் மருமகன் என்றதும்தான் மூச்சு விட்டார்.

"கள்ளன் வந்தாப் பூட்டலாம், யானை வந்தா வெடி போடலாம். கண்டவையும் அள்ளின கிணத்தை என்ன செய்யிறது, தம்பி?"

கேட்டுப் பார்த்தேன்

லீவு முடிந்தது; கணக்காளர் குடும்பம் ரயிலேறியது. ரீச்சரின் வீடு இனி அடுத்த லீவு வரைக்கும் பூட்டித்தான் கிடக்கும். ரீச்சர் பொல்லாதவரில்லை. முதல் பேறு முடிந்து தங்கத்துக்குக் காயம் என்கிற பேற்று மருந்து போட என்று சரக்குச் சாமான்கூட முன்பொருமுறை கட்டித் தந்தவர். வெட்கத்தை விட்டுக் கேட்டேன்: "அம்மா, மாரி முடியுமட்டும் அந்தப் பின் அறையை மட்டும் தாங்கோ. கிணத்தடிக்கு வரமாட்டம். தண்ணி ரோட்டுப் பைப்பிலை எடுக்கிறம்."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்கும் சுகமாக இருந்திருக்கும். அவர் கேட்ட கேள்விக்கு ஊரில் என்னைவிட நன்றாகப் பதில் தெரிந்தவன் இல்லை.

"எனக்கு ஒண்டுமில்லைச் செல்லன். ஆனா நீ இருந்திட்டுப் போன வீட்டை, நீ கூட்டிவாற ஆக்கள் எடுப்பினமோ? நீயே சொல்லு."

வான் பாய்ந்த நாள்

கார்த்திகையில் ரீச்சர் மகளின் பேறுக்கு யாழ்ப்பாணம் போனார். திறப்பை வழக்கம்போல என்னிடம் தந்துவிட்டுப் போனார். மழை விடவில்லை. ஒருநாள் விடியக் குளம் வான் பாய்ந்தது. தங்கத்துக்கு நோவும் கண்டது. சில்லு மூழ்குகிற தண்ணீருக்குள்ளால் மாட்டுவண்டி எப்படியோ டவுனுக்கு ஏறியது. ரீச்சரின் வீட்டடிக்கு வந்தபோது தங்கம் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இனி ஏலாது என்று கத்தினாள்.

திறப்பு என் மடியில். படலையைக் காலால் தள்ளிக்கொண்டு அவளைத் தூக்கிப் போனேன். உள்ளே நான் தடுமாறவில்லை. எத்தனை பேருக்கு வாயால் வழி காட்டியிருக்கிறேன். வண்டிக்காரன் ஆஸ்பத்திரி மருத்துவிச்சியைக் கூட்டிவர ஓடினான். நான் அந்தக் கிணற்றில் அள்ளி, அந்தக் குசினியில் தண்ணீர் கொதிக்கவைத்தேன். பெண் பிள்ளை. அது அழுத சத்தத்தைக் கேட்டு நானும் குழறி அழுதேன். மருத்துவிச்சி கை கழுவிக்கொண்டே சொன்னார்.

"நல்ல காலம், வீட்டுக்குக் கிட்ட வந்து நோ முத்தினது. வண்டிக்குள்ளையெண்டா இது தப்பியிராது."

அவர் வெளியூர்க்காரி. வீடு என்னுடையது என்று நினைத்துவிட்டார்.

கிணறு இறைப்பு

ரீச்சர் திரும்பி வந்த அன்றே நானாகப் போய்ச் சொன்னேன். செய்தது பிழை என்று அன்றும் நினைக்கவில்லை, இன்றும் இல்லை. ரீச்சர் முதலில் கேட்டது பிள்ளை சுகமா என்றுதான். பிறகு, நான் அள்ளின கிணற்றை ஆள் பிடித்து இறைக்கச் சொன்னார். ஆள் பிடிக்கிறதும் தரகன் வேலைதானே.

சேறு அள்ளக் கிணற்றுக்குள் இறங்கினது தங்கத்தின் தமையன். ஒரு வாளி அள்ளக்கூடாதவர்கள் அடிவரைக்கும் இறங்கலாம். அதற்கு ஊரில் தடை இல்லை. ஊற்றுக்கண் தெரிகிற வரைக்கும் இறைத்தார்கள். நான் படலைக்கு வெளியே, என் பழைய இடத்தில் நின்றேன். ரீச்சர் அங்கே வந்து என்னைத் தேற்றினார்.

"உன்னிலை எனக்கு ஒரு கோவமும் இல்லை. லீவுக்கு வாறவை கேட்டா நான் பொய் சொல்லக்கூடாது பார், அதுக்குத்தான்."

மறு லீவு

கணக்காளர் குடும்பம் அடுத்த வருசமும் அதே வீட்டைத்தான் கேட்டு வந்தது. ரீச்சர் எனக்குச் சொல்லித் தந்திருந்தார். நானும் சொன்னேன், கிணறு புதிதாக இறைத்திருக்கிறது என்று. ஏன் என்று அவர்கள் கேட்கவில்லை. கணக்காளரின் மனைவி ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்திக் குடித்தா. குளக்கட்டுக்கு அப்பால் என் மகளுக்கு அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருந்தது. அவளைக் குளிப்பாட்டத் தங்கம் வற்றின குளத்தில் ஊற்றுத் தோண்டிக்கொண்டிருப்பாள். அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு படலைக்கு வந்தா.

"போன முறையைவிடத் தண்ணி இனிக்குது, தரகர். வீடெண்டா இப்பிடி ஒரு நல்ல அயலிலைதான் எடுக்கவேணும்."

இவ்வளவு காலத் தொழிலில் நான் படித்தது இதுதான்: வாடிக்கையாளருக்கு நல்ல அயல் என்றால், என்னைப்போன்றவன் காட்டிவிட்டுப் போய்விடுகிற இடம்.