சொந்த போனிலிருந்து ஓர் அழைப்பு

விமானிகள் எல்லோருக்கும் அவள் 'எழுப்புற அக்கா'. அந்தச் சின்ன விமானக் கம்பெனியில் யார் எந்த விமானத்துக்குப் போவது என்று ஒழுங்கு செய்வது அவள் வேலை. யாராவது காய்ச்சலில் படுத்தால் இன்னொருவரைத் தூக்கத்திலிருந்து கிளப்பி வரவைக்க வேண்டும். வயசுப் பெண்ணாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள். இப்போது மூக்குக் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டுதான் போனையே பார்க்கிறாள்.

ஓய்வு நாளில் ஆபீஸ் நம்பர் வந்தால் ஒரு விமானியும் எடுக்க மாட்டான். அவளுடைய சொந்த போன் என்றால் எடுப்பார்கள். பிள்ளைக்குப் பெயர் வைத்ததிலிருந்து வீடு மாறியது வரை அவளிடம் சொன்னவர்கள் ஆயிற்றே. அதனால் வேறு வழியில்லாத நாட்களில் சொந்த போனில்தான் கூப்பிடுவாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, தானாக வந்த பழக்கம்.

அப்படித்தான் பெரிய கேப்டனையும் கூப்பிட்டாள். அவர் போனை எடுத்ததும் ஹலோ சொல்கிற ஆள் இல்லை. "எழுந்துட்டேன்மா, எழுந்துட்டேன்" என்பார். அன்றும் அதைத்தான் சொன்னார். முந்தின நாள் முழுக்கப் பறந்துவிட்டு வந்திருந்த மனிதர், தூக்கம் தெளியாமல் காரை எடுத்தார். பாலத்துக்குக் கீழே நின்றிருந்த லாரியில் மோதினார். அவரோடு அவர் போனும் நொறுங்கிப் போனது.

ஓய்வு நாளில் கூப்பிடக் கூடாது, வராதவன் மேல் நடவடிக்கை கூடாது என்று விமானிகள் சங்கம் கொடி பிடித்தது அதற்குப் பிறகுதான். கம்பெனி ஒரே பேச்சில் நின்றது: நாங்கள் கூப்பிடவே இல்லை, ஆபீஸ் போனில் அப்படி ஒரு அழைப்பு இல்லை, அவர் சொந்த வேலையாகப் போயிருக்கிறார். ஆபீஸ் போனைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

சாவு வீட்டில் கேப்டனின் மனைவி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, யார் கூப்பிட்டார்கள் என்று உனக்குத் தெரியுமா என்று கேட்டாள். இவள் தலையை ஆட்டினாள், தெரியாது என்று. அதன் பிறகு அந்தத் தெரு வழியாகப் போவதையே விட்டாள்.

மேனேஜர் அவளைத் தனியே கூப்பிட்டு, கம்பெனி கைமாறப் போகிறது, புது முதலாளி வரட்டும், அதுவரை வாயைத் திறக்காதே, திறந்தால் பழி உன் தலையில்தான் என்று சொல்லியிருந்தார். புது முதலாளி யார் என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை. கப்பல்காரர் என்றார்கள், பழைய முதலாளியின் மைத்துனர் என்றார்கள், பேங்க் என்றார்கள். இதற்கிடையில் விமானங்களின் வாலில் இருந்த சின்னத்தை அழித்து வெறும் வெள்ளையாக அடித்துவிட்டார்கள். "யார் வீட்டு மாப்பிள்ளைன்னே தெரியாம ஊர்வலம் போகுது" என்றார் மெக்கானிக். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னலுக்கு வெளியே அந்த மொட்டை வால்கள் நகர்வதைப் பார்க்கும்போது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறையில் ஒரு பலகை. ஒவ்வொரு விமானிக்கும் பெயர் எழுதிய காந்தத் துண்டு. பெரிய கேப்டனின் துண்டு 'ஓய்வு' வரிசையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. பலகையைத் துடைக்கிற அம்மாகூட அதைச் சுற்றித்தான் துடைப்பாள். மாதம் மாறினாலும் அவருக்கு ஓய்வு.

யாரைக் கூப்பிட்டாலும், எதிர்முனையில் எடுக்கிற அந்த ஒரு நொடியில், "எழுந்துட்டேன்மா" என்று கேட்டுவிடுமோ என்று போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிப்பாள். வீட்டுக்கு வந்ததும் போனை டிராயரில் துணிகளுக்கு அடியில் வைத்துவிடுவாள். புருஷன் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், அதிகம் பேசாதவர்; அவரிடம் மட்டும் சொல்லியிருந்தாள். "நீயா லாரியை நிறுத்தினே?" என்று ஒருநாள் கேட்டார். ஆறுதலாகத்தான் கேட்டார். அவளுக்கு ஆறவில்லை.

கம்பெனியை வாங்கப் போகிறவர்களின் ஆட்கள் பார்வையிட வந்த அன்று ஒரு விமானம் ஆளில்லாமல் நின்றது. கழுத்தில் அட்டை மாட்டிய மூன்று பேர் பலகைக்கு முன்னால் நின்றிருந்தார்கள். ஆபீஸ் போனை ஒருவனும் எடுக்கவில்லை. மேனேஜர் குனிந்து, "உன் போன்ல போடும்மா. அந்தச் சின்னப் பையன் உன் நம்பர்னா எடுப்பான்" என்றார்.

அந்த இளம் விமானிக்கு அன்று ஓய்வு. முந்தின நாள் முழுக்கப் பறந்தவன். அவள் போட்டாள்.

"சொல்லுங்கக்கா." குரலில் தூக்கம் அப்படியே இருந்தது.

அவள் பலகையில் 'ஓய்வு' வரிசையைப் பார்த்தாள். பிறகு, "தம்பி, இது கம்பெனிக்காகக் கூப்பிடறது. உனக்கு இன்னைக்கு ஓய்வு. வராதே, தூங்கு" என்றாள். மேனேஜர் கையை நீட்டினார். அவள் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். "இன்னொண்ணு. அன்னைக்குக் கேப்டனையும் இதே போன்லதான் கூப்பிட்டேன். நான்தான். சங்கத்துல சொல்லிடு."

வந்தவர்களில் ஒருவர், எந்தக் கேப்டன் என்று கேட்டார். மேனேஜர் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவள் எழுந்து போய்ப் பலகையிலிருந்து அந்தத் துண்டை எடுத்துக் கேட்டவர் கையில் கொடுத்தாள். துண்டு மறைத்திருந்த அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருந்தது.

அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள், சொல்லியனுப்பும் வரை வர வேண்டாம் என்று. வாசலுக்கு வெளியே, ஷெட்டின் நிழலில் நின்று கேப்டனின் மனைவிக்குப் போன் போட்டாள். சொல்ல வேண்டியதைச் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.  வைத்துவிட்டாளோ என்று திரையைப் பார்த்தாள். வைக்கவில்லை.

"எடுத்ததும் என்ன சொன்னார்?" என்று கேட்டாள் கேப்டனின் மனைவி.

"எழுந்துட்டேன்மான்னார், அண்ணி."

"எழுந்திருக்கவே இல்லை" என்றாள் அவள். "கண்ணை மூடிக்கிட்டேதான் சட்டையை மாட்டினார். நான்தான் பட்டன் போட்டுவிட்டேன்."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.