கிருமி மருதப்பனின் பழைய வேட்டி

ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் மருதப்பனுக்கு இருந்த வேலை கண்ணாடிக் குழாய் கழுவுவது. பதினெட்டு வருஷமாக அதைத்தான் செய்தார். ஆனால் ஃபேரர் பார்க் பக்கம் அவர் குடியிருந்த வரிசையில் யாரைக் கேட்டாலும், அவர் கிருமி ஆராய்ச்சியில் இருப்பதாகத்தான் சொல்வார்கள். அப்படிச் சொல்லிவைத்தது அவரேதான். கிருமியைக் கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர் டாக்டர், வெந்நீரில் போட்டுக் கொல்கிறவன் நான், இதில் எது பெரிய வேலை என்று கேட்பார். முதுகுக்குப் பின்னால் அவருக்குக் ‘கிருமி மருதப்பன்’ என்று பேர். அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டு வெகுநாள் சந்தோஷமாகத் திரிந்தவர் அவர்.

தேக்கா சந்தையில் தயிர் வாங்க வந்தவர்களை நிறுத்தி, அந்தச் சட்டியில் கோடிக்கணக்கில் கிருமி உயிரோடு இருக்கிறது, அது பாலின் சர்க்கரையைத் தின்று புளிப்பாக்குவதால்தான் தயிர் உறைகிறது என்று விளக்குவார். சொன்னது முழுக்கச் சரிதான். ஆனால் மூன்று பேர் தயிர் வாங்காமல் போன பிறகு, வியாபார நேரத்தில் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று தயிர்க்காரர் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

அவரிடம் இன்னொரு கதையும் இருந்தது. யுத்தம் முடிந்து ஜப்பான்காரன் போன மறு வருஷம் அவருக்கு மலேரியா வந்தது. மாத்திரை கொடுத்தார்கள். நாலாம் நாள் கண் மஞ்சளாகி, சிறுநீர் பால் கலக்காத கோப்பி ஓ நிறத்தில் போனது. டாக்டர் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார். “மருந்தே என் ரத்தத்தப் பாத்து ஓடிருச்சு” என்று கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்க்காமல் மருதப்பன் சொல்வார். வெட்கப்படவேண்டிய ஒன்றை இருபது வருஷம் வீரக்கதையாகச் சொல்லிக்கொண்டு அலைந்ததைப் பின்னாளில் நினைத்து, அவரே தலையில் அடித்துக்கொண்டு சிரிப்பார்.

அறுபத்தாறாம் வருஷம் அவருடைய ஒரே மகள் தங்கத்துக்கு ஆண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம் என்பதால் ஆஸ்பத்திரியிலிருந்து மூன்றாம் நாள் தாய் வீட்டுக்குத்தான் வந்தாள். மருதப்பன் குழந்தையைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து ஆராய ஆரம்பித்தார். மூக்கு மாப்பிள்ளை துரைசாமியின் மூக்கு. காது அப்படியே மனைவி பூவம்மாவின் காது. நெற்றி, கால் விரல், அழும்போது கோணும் வாய், எதிலும் மருதப்பன் இல்லை.

“ஏதாவது ஒண்ணாவது என்னைக் கொண்டு வந்திருக்காதா?” என்றார்.

“வராதவரைக்கும் புள்ளைக்கு நல்லது” என்றாள் பூவம்மா.

அவர் சிரித்தார். ஆனால் உள்ளே வலித்தது. ஆண் பிள்ளை இல்லாத மனிதர். தன்னுடைய ஏதோ ஒன்று இந்த ஊரில் தனக்குப் பிறகும் நடமாடவேண்டும் என்று ஆசைப்பட்டார்.

மூக்கில்தான் பங்கு இல்லை, துணியிலாவது இருக்கட்டும் என்று தகரப் பெட்டியைத் திறந்தார். பச்சைப் பிள்ளைக்குப் புதுத்துணி போடமாட்டார்கள், பெரியவர்களின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் சுற்றுவார்கள். அவருடைய வேட்டிகள் நன்றாக நைந்து பூப்போல இருந்தன. பெட்டிக்குள் மடிப்புக்கு மடிப்பு பாச்சை உருண்டை போட்டு வைத்திருந்தார். மூடியைத் தூக்கினால் கண் எரியும்.

பூவம்மா வேட்டியை வாங்கி, துவைத்து வெயிலில் போட்டுவிட்டு எடுக்கலாம் என்றாள்.

“துவைச்சா மருந்துச் சக்தி போயிரும். இந்த வாசத்துக்கு ஒரு கிருமி கிட்ட வராது. நான் இதே வேலைல இருக்கேன், எனக்குத் தெரியாதா?”

அவருக்குத் தெரியாதுதான். பாச்சை உருண்டைக்குப் பாச்சை பயப்படும், பூச்சி பயப்படும். கிருமிக்கு அதைப் பற்றி ஒரு கவலையும் கிடையாது. இது அவர் கழுவிய குழாய்கள் எதிலும் எழுதியிருக்கவில்லை. துவைக்காத வேட்டியில் இரண்டு நாள் குழந்தை கிடந்தது.

ஐந்தாம் நாள் காலையில் பிள்ளையின் கண் மஞ்சளாக இருக்கிறது என்று பூவம்மா சொன்னாள். பிறந்த பிள்ளை கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருக்கும், இளம் வெயிலில் காட்டு என்று மருதப்பன் தீர்ப்பு சொன்னார். மத்தியானம் உள்ளங்காலும் மஞ்சளாகிவிட்டது. தங்கம் பால் கொடுத்துப் பார்த்தாள். குழந்தை வாய் வைக்கவில்லை, அழவும் இல்லை. அப்போதும் மருதப்பன் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தார். பூவம்மா அவரைத் தள்ளிவிட்டுத் தெருவில் இறங்கி டாக்ஸியை மறித்தாள்.

மருதப்பன் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் டாக்டர் குழந்தையைத் தூக்கியதும் முகர்ந்து பார்த்தார். இது என்ன வாசம் என்று கேட்டார். மருதப்பன் முன்னால் வந்து, எத்தனை உருண்டை, எத்தனை மாதம், ஏன் துவைக்கவில்லை என்று எல்லாவற்றையும் பெருமையாகவே சொன்னார். டாக்டர் வேட்டியை உருவித் தூரப் போட்டுவிட்டுக் குழந்தையோடு உள்ளே ஓடினார். அப்போதுதான் மருதப்பன் குனிந்து வேட்டியை எடுத்து, முதல் தடவையாகச் சந்தேகத்தோடு முகர்ந்து பார்த்தார்.

வெளியே வந்து டாக்டர் விளக்கினார். ரத்தத்தின் சிவப்பு அணுக்களைக் காப்பாற்ற உடம்பில் ஒரு சத்து உண்டு. சில பேருக்கு அது பிறவியிலேயே குறைவு. அவர்களுக்குப் பாச்சை உருண்டையின் ஆவி பட்டால் அணுக்கள் உடைந்து மஞ்சளாகக் கொட்டும். பச்சைப் பிள்ளைக்கு அந்த மஞ்சள் மூளைக்கு ஏறினால் உயிர் போகும், பிழைத்தாலும் மூளை பழுதாகும். பிள்ளையின் ரத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துவிட்டு வேறு ரத்தம் ஏற்றப்போகிறோம். இந்தக் குறை பரம்பரையாக வருவது.

பரம்பரை என்ற சொல் காதில் விழுந்ததும் மருதப்பன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தான் மட்டும் குற்றவாளி இல்லை என்று ஆக அதுதான் வழி. ஜூரோங் இரும்புத் தொழிற்சாலையிலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்து நின்ற துரைசாமியைப் பார்த்து, பத்துப் பேர் கேட்கச் சொன்னார்.

“எங்க பக்கம் இந்த மாதிரி எதுவும் கிடையாது மாப்பிள்ளை. என் ரத்தத்தப் பத்தி ஊருக்கே தெரியும். உங்க பக்கத்துல விசாரிங்க.”

தங்கம் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அதோடு விட்டாரா? மறுநாள் மாப்பிள்ளையைத் தன் பரிசோதனைக் கூடத்துக்கே அழைத்துப் போனார். அங்கே டெக்னீஷியன் அப்துல் மஜீது, இவர் கழுவித் தரும் குழாய்களில் சோதனை செய்கிறவர். குறை எந்தப் பக்கம் என்று இன்றைக்கே தெரியவேண்டும் என்றார் மருதப்பன்.

“அப்படின்னா உங்க ரத்தமும் வேணும்ணே” என்றார் மஜீது.

“தாராளமா எடுங்க தம்பி.”

மூன்று குழாய். ஒன்றில் ஒத்துப் பார்க்க மஜீதின் ரத்தம், ஒன்றில் துரைசாமியினுடையது, ஒன்றில் மருதப்பனுடையது. மருந்தும் நீலச் சாயமும் விட்டு வெதுவெதுப்பான நீரில் மூன்று மணி நேரம் வைக்கவேண்டும். சத்து இருக்கும் ரத்தம் சிவப்பாகவே திரும்பும், இல்லாத ரத்தம் பழுப்பாக நின்றுவிடும். குழாய்களை நீரில் இறக்கிவைத்தவரும் மருதப்பன்தான். வேறு யாரையும் அவர் நம்பவில்லை.

மூன்று மணி நேரத்துக்குப் பிறகு மஜீதின் குழாய் சிவப்பு. துரைசாமியின் குழாய் சிவப்பு. மருதப்பனுடைய குழாய் கோப்பி ஓ.

“குழாய் சரியாக் கழுவல போலிருக்கு” என்றார் மருதப்பன். கழுவியது யார் என்று மஜீது கேட்கவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

“அண்ணே, மலேரியா மாத்திரை சாப்பிட்டு மஞ்சளானீங்களே, அந்தக் கதையை நூறு தடவை சொல்லியிருக்கீங்க. அது இதுதான். பெரிய உடம்பு, தப்பிச்சீங்க.” மஜீது காகிதத்தில் கோடு போட்டுக் காட்டினார். “இந்தக் குறை வர்ற பரம்பரைத் துணுக்கு ஆம்பளைக்கு ஒண்ணுதான் இருக்கும். அதை மகளுக்குக் குடுத்தே ஆகணும், வேற வழியில்ல. மகளுக்கு உங்க கிட்டேருந்து ஒண்ணு, அண்ணி கிட்டேருந்து ஒண்ணு, ஆக ரெண்டு. நல்லது ஒண்ணு இருக்கறதால அவங்களுக்குத் தெரியாது. தன் பையனுக்கு அதுல ஒண்ணத்தான் குடுப்பாங்க. சீட்டு விழற மாதிரிதான். உங்க சீட்டு விழுந்துருச்சு.”

“மாப்பிள்ளை எதுவும் குடுக்கலயா?”

“அவர் குடுத்தது ஆம்பளப் புள்ளங்கறது மட்டும்தான். இந்த விஷயத்துல அவருக்குப் பங்கே இல்ல.”

மருதப்பன் அந்தக் குழாயைக் கையில் எடுத்தார். இந்தப் பழுப்புக் குழாய்களை எத்தனை தடவை கறை போகவில்லை என்று திட்டிக்கொண்டே தேய்த்திருக்கிறார். துரைசாமியை நிமிர்ந்து பார்க்கத் தெம்பு இல்லை.

“மாப்பிள்ளை, பத்துப் பேரு முன்னாடி பேசிட்டேன். பத்துப் பேரையும் தேடிப் போயி சொல்லிடறேன்.”

“அவன் பொழைக்கட்டும் மாமா. அப்புறம் சொல்லிக்கலாம்” என்றார் துரைசாமி.

இரண்டு தடவை ரத்தம் மாற்றினார்கள். இரண்டாவது தடவைக்குப் பிறகு குழந்தை வீறிட்டு அழுதது, பால் குடித்தது. எட்டாம் நாள் டாக்டர், மூளைக்கு ஒன்றும் ஆகவில்லை, வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்றார். அதற்குள் மருதப்பன் அந்தப் பத்துப் பேரில் ஒன்பது பேரைப் பிடித்துச் சொல்லிமுடித்திருந்தார். பத்தாமவர் பொங்கோலுக்கு மகள் வீடு போயிருந்தார், அங்கேயும் பஸ் பிடித்துப் போனார். அந்த மனிதருக்குப் பேச்சே நினைவில்லை. முதலிலிருந்து சொல்லவேண்டியதாகிவிட்டது.

வீட்டுக்குக் கூட்டிப் போகிற நாளில் மருதப்பன் நல்ல சட்டையாகப் பார்த்து மாட்டிக்கொண்டு வந்தார். வராந்தாவில் பூவம்மா, துவைத்து இரண்டு வெயில் கண்ட சேலையில் குழந்தையைச் சுற்றி வைத்திருந்தாள். இவர் கையை நீட்டிக்கொண்டு பத்தடி தூரத்தில் வரும்போதே மூக்கைச் சுளித்தாள்.

“அங்கேயே நில்லுங்க. சட்டை எந்தப் பெட்டில இருந்துச்சு?”

மருதப்பன் நின்றார். குனிந்து தோளை முகர்ந்து பார்த்தார். அதே தகரப் பெட்டிதான். பதினெட்டு வருஷமாக உத்தியோகம் பார்க்கிற ஆஸ்பத்திரி, நர்ஸ்களும் டாக்டர்களும் போய்வருகிற வராந்தா. அவர் ஒவ்வொரு பொத்தானாகக் கழற்றினார். சட்டையைச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியில் மாட்டிவிட்டு, தொப்புளுக்கு மேலே ஓட்டை விழுந்த பனியனோடு வந்து பேரனை வாங்கிக்கொண்டார். தங்கம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். துரைசாமியும் சிரித்தார்.

அந்த வழியாக வந்த மஜீது நின்றுவிட்டார். “என்னண்ணே, சட்டை எங்க?”

மருதப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை காலியாக இல்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“அதுல பாச்சை உருண்டை வாசம், தம்பி. எங்க ரெண்டு பேருக்கும் அது ஆகாது.”